கொடுத்தவர் கண்

ஏகாம்பரநாதன் சந்தேகப்படாத விஷயம் ஒன்று உண்டென்றால், அது அவருடைய சந்தேகம் மட்டும்தான்.

பால்காரர் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினால், "இன்னிக்கு இன்னாத்த கலந்த?" என்பார். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மனைவி இந்திராணி கேட்காமலே காபி போட்டுக் கொடுத்துவிட்டால் போதும், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கண்ணன் வர்றானா?" என்று கேட்பார். பல நேரம் அண்ணன் நிஜமாகவே வந்துகொண்டிருப்பார். அதுதான் இந்த மனிதரைக் கெடுத்தது. அவ்வப்போது பலித்துவிடுகிற சந்தேகத்தைப் போல் ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. வெற்றிலைப் பாக்கைக்கூட விட்டுவிடலாம், இதை விட முடியாது.

இப்படிப்பட்டவருக்கு ஒரகடத்தில் ஒரு வண்டித் தொழிற்சாலையின் வாசலில் செக்யூரிட்டி வேலை கிடைத்ததைப் பொருத்தம் என்பதா, ஷிப்டுக்கு வருகிறவர்கள் செய்த பாவம் என்பதா தெரியவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லி மூடியைத் தனியாகத் தட்டிப் பார்ப்பார். மடக்கிய குடைக்குள் கைவிட்டுத் துழாவுவார். ஒருமுறை பெரிய மேனேஜருடைய காரையே நிறுத்தி டிக்கியைத் திறக்க வைத்தார். உள்ளே பலாப்பழமும் மேனேஜரின் மாமியாருடைய மருந்துப் பையும் இருந்தன. மேனேஜர் கோபப்படாமல் சிரித்துக்கொண்டே போய்விட்டார். "சிரிச்சிகினு போறாரே, இன்னாவோ கீது" என்று அதற்கும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்.

வேலை வந்த கதையும் சந்தேகம் வந்த கதையும் ஒன்றுதான். அந்த வாசல் நிற்கிற இடத்தில் முன்பு அவர்களுடைய வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய சமயம், வெள்ளை வேட்டியும் பளபளக்கிற செருப்புமாக இரண்டு தரகர்கள் அவருடைய ஊரான வடக்குப்பட்டுக்கு வந்தார்கள். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார்கள். பிள்ளைகளுக்குச் சும்மா பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். ஏகாம்பரத்தின் அப்பாவுக்குச் சும்மா ஒரு சால்வை போர்த்தினார்கள். கடைசியில் சும்மா ஒரு கையெழுத்து கேட்டார்கள். அப்போது இளவட்டமாக இருந்த ஏகாம்பரம், "போட்டுக் குடுப்பா, நல்ல மனுசங்களாத் தெரியறாங்கோ" என்று அப்பாவிடம் சொன்னார். வாழ்க்கையில் அவர் ஒருவரை நம்பிப் பேசியது அதுதான் கடைசி. கொல்லை இருந்த இடத்தில் கம்பி வேலி வந்தது. வேலிக்கு நடுவே வாசல் வந்தது. குடும்பத்தில் இரண்டு பேருக்கு என்று சொன்ன நிரந்தர வேலை, ஒரே ஒருவருக்குக் காண்ட்ராக்ட் வேலையாகச் சுருங்கி வந்தது. சொந்த நிலத்துக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்று பார்த்து அனுப்புகிற வேலை. அதையாவது கைநழுவ விடக் கூடாது என்று பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ‘சும்மா’ என்ற சொல் காதில் விழுந்தால் போதும், உட்கார்ந்திருக்கிற மனிதர் எழுந்து நின்றுவிடுவார்.

அந்த வாசலில் ஒரு வழக்கம் உண்டு. எந்த ஆர்டராக இருந்தாலும் முதல் வண்டி கேட்டைத் தாண்டும்போது சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றிய பூசணிக்காயைச் சுற்றி உடைக்க வேண்டும். கம்பெனியின் விதிகளில் இது எங்கேயும் இல்லை. ஆனால் கேன்டீனுக்கு வாங்குகிற காய்கறியில் ஒரு பூசணிக்காய் மட்டும் எப்போதும் சாம்பாருக்குப் போகாமல் வாசலுக்கு வந்துவிடும். உடைப்பவர் ஏகாம்பரம். ஒரு வருஷம் புதிதாக வந்த அதிகாரி, "கேட்டுல குப்பை போடாதீங்க" என்று நிறுத்திவிட்டார். அந்த ஆர்டரின் முதல் வண்டியை ஏற்றிப் போன ட்ரெய்லர் திண்டிவனம் தாண்டிக் கவிழ்ந்தது. டிரைவருக்கு ஒரு கால் போயிற்று. கிளம்பும்போது அவனுக்குக் கேட்டைத் திறந்துவிட்டவர் இவர்தான். ஒரு எலுமிச்சம்பழத்தையாவது திருட்டுத்தனமாக வைத்திருக்கலாமே என்று அவர் மனசு இன்றைக்கும் அடித்துக்கொள்ளும். எதையும் நம்பாத மனிதர் இதை மட்டும் முழுசாக நம்பினார்.

இந்த நிலையில்தான் டெல்லியிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. கடலுக்கு நடுவில் ஒரு தீவு நாடு. செம்பரம்பாக்கம் ஏரியைப் போல இரண்டை வைத்தால் நிலம் முடிந்துவிடும், அவ்வளவுதான். அதன் கரையைக் காவல் காக்க நம் நாடு ரோந்து ஜீப்புகளை அன்பளிப்பாகக் கொடுக்கிறது. கூடவே ‘பாதுகாப்பு ஒத்துழைப்பு’ என்று பேச்சுவார்த்தை. ராடார் வைத்துத் தருகிறோம், அதை இயக்க எங்கள் ஆட்களையே அனுப்புகிறோம் என்கிறது டெல்லி. ஜீப் சரி, ராடாரும் சரி, ஆட்கள் எதற்கு, வந்தவர்கள் எப்போது திரும்பிப் போவார்கள் என்று கேட்கிறது தீவு. சென்னையில் ஒரு நாள் பேசுவது, மறுநாள் ஒரகடத்துக்கு வந்து ஜீப்புகளை வாங்கிக்கொண்டு கம்பெனி கெஸ்ட் ஹவுஸிலேயே மிச்சத்தைப் பேசிக் கையெழுத்துப் போடுவது என்று ஏற்பாடு. பேப்பரில் இதைப் படித்த ஏகாம்பரம் இந்திராணியிடம், "பிஸ்கட் குடுக்கறாங்கோ" என்று மட்டும் சொன்னார்.

ஜீப்புகளின் டேஷ்போர்டுக்குள் போகிற ஒயர்க் கட்டுகளுக்கு டேப் சுற்றுகிற லைனில் மாரிசெல்வி இருந்தாள். கயத்தாறுப் பக்கத்துப் பெண். ஏகாம்பரத்தின் மாடி அறையில்தான் குடியிருந்தாள். மகளை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தவள். புருஷன் இருக்கிறானா, இருந்தால் எங்கே இருக்கிறான் என்பது ஏகாம்பரத்துக்கே துப்புத் துலங்கவில்லை, அந்த மட்டில் அவள் கெட்டிக்காரி. இந்திராணிக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஏகாம்பரத்துக்கு அவள் மாதம் பிறந்ததும் கேட்காமலே வாடகை கொடுப்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

அவள் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனை விட்டு வெளியே வந்து, ஜீப்புகள் நிற்கிற யார்டு வேலியோரம் போய் நின்று, போனை வண்டிகள் பக்கமாகத் திருப்பிப் பிடித்துப் பேசுவதை அவர் வாசலிலிருந்து பார்த்தார். மறுநாளும் பார்த்தார். கேட்டிருக்கலாம். தன் வீட்டு மாடிப்படியை ஏறினால் தீர்ந்தது. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று அவர் கேட்கவில்லை. நேராக செக்யூரிட்டி அதிகாரி விஜயராகவனிடம் போய், "சார், ஒயர் லைன் பொண்ணு ஒண்ணு வண்டிங்களைப் படம் புடிக்கறா மாதிரி கீது. கொஞ்சம் பாத்துக்கங்க" என்று காதில் போட்டுவிட்டு வந்தார். அங்கேதான் போன் ஒழுங்காக எடுக்கும் என்பதும், தன் பெண்ணுக்கு வீடியோவில் ‘அம்மா செஞ்ச வண்டி’யைக் காட்டி, படமும் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள் என்பதும் அவருக்கு அப்போது தெரியாது. இப்படித் தெரியாமலே இருந்துவிடுவதில் சந்தேகக்காரர்களுக்கு ஒரு சுகம் இருக்கிறது.

விஜயராகவன் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். தீவுக்காரர்கள் வருவதற்கு முதல் நாள் அவர் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏகாம்பரம், நாளைக்கு எலுமிச்சம்பழம், பூசணிக்காய், கற்பூரம் எதுவும் கூடாது. அவங்க மதம் வேற, பழக்கம் வேற. டெல்லியிலேர்ந்து வர்றவங்க இருக்காங்க. கேட்டுல ஒரு பூசணி விதைகூட நான் பார்க்கக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்" என்றார் ஏகாம்பரம். திண்டிவனத்து ட்ரெய்லர் கண்ணில் வந்து நின்றது.

அன்று மத்தியானம் ஷிப்டு மாறுகிற சந்தடியில் அவர் யார்டுக்குப் போனார். வரிசையில் முதலாவதாக நின்ற ஜீப்பில் ஏறினார். அவருடைய இடது புஜத்தில் விரல் கணு அளவு செப்புத் தாயத்து ஒன்று இருந்தது. வாசல் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லையம்மன் கோயில் பூசாரி மந்திரித்துக் கட்டியது. இரண்டு முனையும் அரக்கு வைத்து மூடியிருக்கும். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால் பூசாரி காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஏகாம்பரம் தன்னுடையதை அவிழ்த்தார். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, கைக்கு எட்டிய ஒயர்க் கட்டில் அதே கறுப்புக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். "ஆத்தா, ஓட்றவன் முழுசா வூடு போய்ச் சேரணும்" என்று வேண்டிக்கொண்டு இறங்கினார். வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாக ஒரு டீ குடித்தார்.

மறுநாள் காலையில் கார்கள் வரிசையாக வந்தன. தீவுக்காரர்களில் ஒரு பெண் மேஜர் இருந்தார். சின்ன உருவம், ஒட்ட வெட்டிய முடி. மற்றவர்கள் மாலையும் இளநீரும் வாங்கிக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் எதையும் வாங்காமல் நேராக யார்டுக்குப் போய், ஓர் அட்டையை விரித்து முதல் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரத்தைத் தட்டினார். சீட்டைத் தூக்கிப் பார்த்தார். வாசலிலிருந்து இதைப் பார்த்த ஏகாம்பரத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் தன் இனத்தைச் சேர்ந்த ஒருவரை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

மேஜர் டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டார். கை அங்கேயே நின்றது. பிறகு அவர் மெதுவாக வெளியே வந்து தன் ஆட்களிடம் என்னவோ சொல்ல, அவர்கள் எல்லோரும் ஜீப்பை விட்டுப் பின்வாங்கினார்கள். மாலைகள் கழன்றன. இளநீர்கள் தரையில் வைக்கப்பட்டன. டெல்லி அதிகாரி போனை எடுத்துக்கொண்டு தனியாக ஓடினார். தீவுக்காரர்கள் தங்கள் கார்களுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கேன்டீன் ஆள் ஒருவன் மூச்சு வாங்க வாசலுக்கு வந்தான். "ண்ணா, மேட்டர் தெரியுமா? டேஷ்போர்டுக்குள்ள ஒட்டுக் கேக்கற மெஷின் வெச்சிருக்காங்களாம். செம்பு டப்பா மாதிரி கீதாம். தீவு ஆளுங்க கையெழுத்துப் போட மாட்டோம்னு சொல்லிட்டாங்களாம்."

"நெனைச்சேன்!" என்று ஏகாம்பரம் தொடையைத் தட்டினார். "நான் அன்னிக்கே சொன்னேன்டா. பெரியவன் சின்னவனுக்குச் சும்மா குடுப்பானா? வண்டியும் குடுப்பான், உள்ள காதும் வெச்சி அனுப்புவான்."

"கறுப்புக் கயித்துல கட்டிக் கீதாம்ணா" என்றான் கேன்டீன் ஆள்.

ஏகாம்பரத்தின் வலது கை தானாகப் போய் இடது புஜத்தைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை.

அவர் வாயைத் திறப்பதற்குள் காரியங்கள் வேகமாக நடந்துவிட்டன. கட்டியிருந்த இடம் ஒயர்க் கட்டு. ஒயர்க் கட்டுக்கு டேப் சுற்றியவள் மாரிசெல்வி. அவள் மணிக்கட்டிலும் ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. போனை வாங்கிப் பார்த்தால், அதற்குள் ஜீப்புகள் தெரிய எடுத்த படங்கள். டெல்லிக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். வைத்தது தாங்கள் இல்லை என்று காட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டது. மூன்றாவது நாடு ஏதோ ஒன்று காசு கொடுத்து இந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று அங்கேயே ஒரு கதையும் கட்டியாகிவிட்டது.

விஜயராகவன் வாசலுக்கு வந்து ஏகாம்பரத்தின் தோளில் கை வைத்தார். அப்படி அவர் என்றைக்கும் வைத்ததில்லை.

"நீ சொன்னது சரியாப் போச்சு, ஏகாம்பரம். அந்தப் பொண்ணுதான். போலீஸ் வந்துட்டு இருக்காங்க. நீ முன்னாடியே எச்சரிக்கை பண்ணினேன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உன்னை பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே பேசறேன். கவலைப்படாதே."

பெர்மனென்ட். அப்பா போட்ட கையெழுத்துக்கு இத்தனை வருஷம் கழித்து பதில் வருகிறது. ஏகாம்பரம் தலையாட்டினார். விஜயராகவன் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். தாயத்தைத் திறந்து பார்த்தால் மெஷின் இல்லை என்று அவர்களே தெரிந்துகொண்டு விட்டுவிடுவார்கள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒரு நிமிஷம் அதை நம்பக்கூடச் செய்தார். பிறகு, தெரிந்துகொண்டவர்கள் வெளியே சொல்வார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று பழைய சந்தேகம் எழுந்து உட்கார்ந்துகொண்டது.

அந்த நேரத்தில் மாரிசெல்வியைக் கெஸ்ட் ஹவுஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள். அவள் அழவில்லை. வாசலைக் கடக்கும்போது இவரைப் பார்த்ததும் முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதைத்தான் ஏகாம்பரத்தால் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து போன் அடிப்பா. எடுக்கலேன்னா பயந்துருவா. என் போனை வாங்கி வச்சிக்கிட்டாவ. அக்காகிட்ட சொல்லி எங்க அம்மைக்கு ஒரு வார்த்தை பேசச் சொல்லுதீயளா? எனக்கு இங்க உங்களை விட்டா ஆரு இருக்கா?"

"சொல்றம்மா" என்றார். அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இந்திராணிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். இந்திராணி எடுத்த எடுப்பில், "அந்தப் பொண்ணா? இன்னா அநியாயம்யா இது! நீ அங்கதானே கீற, ஒரு வார்த்தை சொல்ல வேண்டிதானே?" என்று கத்தினாள். ஏகாம்பரம் போனை வைத்தார். பக்கத்தில் நின்ற ஆளிடம் விசிலையும் தொப்பியையும் கொடுத்தார். தன் நிலத்தின் வாசலை அவர் முதல்முறையாக வேலை நேரத்தில் விட்டுப் போனார்.

கெஸ்ட் ஹவுஸ் ஹாலில் நீள மேஜை. ஒரு பக்கம் டெல்லி அதிகாரியும் கம்பெனி மேனேஜரும் விஜயராகவனும். எதிர்ப்பக்கம் மேஜரும் அவருடைய ஆட்களும். அவர்களைத் திரும்பவும் மேஜைக்குக் கொண்டுவரவே பெரும்பாடு பட்டிருந்தார்கள். மேஜைக்கு நடுவில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் தாயத்து. மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாரிசெல்வி. அழைக்காமல் உள்ளே வந்து நின்ற வாசல் காவலாளியைப் பார்த்து எல்லோரும் திகைத்தார்கள்.

"ஐயா, அது மெஷின் கிஷின் இல்ல. என்னோட தாயத்து. நான்தான் கட்னேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிச் சட்டைக் கையை மேலே சுருட்டினார். வெயிலில் கறுத்த புஜத்தில் கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்து, வளையம் போலத் தெரிந்தது. "முதல் வண்டிக்குக் கண்ணு படாம இருக்கறதுக்குக் கட்றது. பூசணிக்காய் ஒடைக்கக் கூடாதுன்னுட்டாங்கோ. அதான்."

விஜயராகவனுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஆனாலும் சமாளித்துக்கொண்டு ஆங்கிலத்தில், இது ஓர் அலங்காரப் பொருள், நல்வரவுக்காக நாங்கள் வைப்பது, கம்பெனியின் வழக்கம் என்று மேஜரிடம் விளக்கினார்.

தீவுக்காரர்கள் வரிசையின் கடைசியில் ஒல்லியாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். வந்ததிலிருந்து தண்ணீர் பாட்டிலும் பைகளும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன். அவன் வாயைத் திறந்தான்.

"மன்னிக்க வேண்டும் சார். அவர் அப்படிச் சொல்லவில்லை. என்னுடைய தாயத்து, நானே கட்டினேன் என்று சொன்னார்."

தமிழ்! கொஞ்சம் துருப்பிடித்த, ஆனால் நல்ல தமிழ். சென்னையில் கல்லூரியில் படித்தவனாம். சென்னையிலும் இங்கேயுமாக அவன் காது கேட்க யார் யார் தமிழில் என்னென்ன பேசினோம் என்று மேனேஜரும் விஜயராகவனும் மனசுக்குள் தேடத் தொடங்கினார்கள். காலையில் விஜயராகவன் அவனை வைத்துக்கொண்டே, "இந்தத் தண்ணி பாட்டில்காரனுக்கு எதுக்கு ஒரு பாஸ்?" என்று கேட்டிருந்தார். ஏகாம்பரத்துக்கு அந்தப் பையனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இப்படித்தான் இருக்க வேண்டும், பெரிய இடத்துக்குப் போனால் இப்படித்தான் ஒரு ஆளை ஊமையாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மேஜர் அவனிடம் ஏதோ கேட்டார். அவன் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினான்.

"யாருடைய கண் படக் கூடாது என்று கட்டினீர்கள்? எங்கள் எதிரிகளுடைய கண்ணா?"

ஏகாம்பரம் பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும், எல்லோரும் எழுந்து கை குலுக்கியிருப்பார்கள். ஆனால் திருஷ்டி விஷயத்தில் அவருக்குப் பொய் வராது.

"இல்லீங்கம்மா. எதிராளி எங்கியோ தூரத்துல கீறான். குடுத்தவங்க கண்ணுதான் மொதல்ல படும். ஒரு பொருளைக் குடுத்துட்டா மனசு சும்மா இருக்காது பாருங்க. அது எங்க போச்சி, நல்லா வெச்சிக்கிறாங்களா, நம்ம பேரைச் சொல்றாங்களா, நம்ம பேச்சைக் கேக்கறாங்களான்னு அது பின்னாடியே போய்கினு இருக்கும். அதான் பொல்லாத கண்ணு. எங்களோட கண்ணு படக் கூடாதுன்னுதான் கட்னேன்."

ஒல்லிப் பையன் அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னான். டெல்லி அதிகாரியின் முகம் கறுத்தது. மேஜர் ஏகாம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் தாயத்தை அவர் பக்கம் நகர்த்தி, திறக்கச் சொன்னார்.

"தொறந்தா சக்தி பூடும்மா" என்றார் ஏகாம்பரம். மேஜர் மறுபடியும் அதைச் சுட்டிக் காட்டினார். அவர் நகத்தால் அரக்கைப் பெயர்த்து உள்ளங்கையில் கவிழ்த்தார். கொஞ்சம் சாம்பல், சுருங்கிப்போன ஒரு வேர்த் துண்டு, அவ்வளவுதான். இத்தனை வருஷம் தன்னைக் காத்தது இவ்வளவுதானா என்று அவருக்குத் துக்கமாக வந்தது. மேஜர் சாம்பலை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"இதை நம்புகிறாராம்" என்றான் பையன். "ஆனால் எல்லா வண்டிகளையும் கழற்றிப் பார்த்த பிறகுதான் எடுத்துப்போவாராம்."

"பாக்கணும்மா" என்றார் ஏகாம்பரம். "நானா இருந்தா பாப்பேன்."

மாரிசெல்வியை அனுப்பிவிட்டார்கள். ஏகாம்பரத்தை அனுப்பவில்லை. பக்கத்து அறையில் உட்கார வைத்து டெல்லிக்காரர்கள் கேள்வி கேட்டார்கள். கொடுத்தவர் கண் என்று சொல்லச் சொன்னது யார்? எந்தக் கட்சி? எந்த யூனியன்? தீவில் யாரைத் தெரியும்? யாரையும் தெரியாது என்றால், பிறகு எதற்கு அவர்களுக்காகச் சொந்தத் தாயத்தைக் கழற்றினாய்? தன் நிலம் இங்கேதான் இருந்தது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அப்படியானால் அரசாங்கத்தின் மேல் கோபமா என்று அதைப் பிடித்துக்கொண்டார்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் அதற்கு ஒரு வால் முளைத்தது. இத்தனை வருஷம் வாசலில் நாமும் ஒவ்வொருவரையும் இப்படித்தான் பார்த்திருக்கிறோம் என்று அப்போது அவருக்கு உறைத்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வெட்கமாக இருந்தது. டிபன் பாக்ஸ் மூடியைத் தட்டிப் பார்க்கும்போது ஷிப்டுக்கு வருகிற பெண்பிள்ளைகள் வேறு பக்கம் பார்ப்பது நினைவுக்கு வந்தது.

பேச்சுவார்த்தை முடிந்து அறிக்கை வந்தது. ‘பரஸ்பர நம்பிக்கை நிறைந்த சூழலில்’ பேசினார்களாம். ராடாரை இயக்க ஆட்கள் அனுப்புவது பற்றிப் பின்னர் பேசுவார்களாம். அதாவது தீவு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஜீப்புகளின் டேஷ்போர்டுகளை எல்லாம் மேஜர் கழற்றிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. திரும்பப் பொருத்துவதற்கு ஒயர் லைனுக்கு ஓவர்டைம் போட்டார்கள். மாரிசெல்வி அந்த ஓ.டி.யையும் பார்த்தாள். முதல் வண்டி கேட்டைத் தாண்டியபோது வேறு ஓர் ஆள் கேட்டைத் திறந்துவிட்டான். எலுமிச்சம்பழம் இல்லை, பூசணிக்காய் இல்லை. ஏகாம்பரம் அன்றைக்கு அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். "டெல்லியே உன் பேரைக் கேக்குது. நான் என்ன பண்ண முடியும்?" என்று விஜயராகவன் சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொன்னதில் மட்டும் ஏகாம்பரத்துக்குச் சந்தேகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரிசெல்வி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. இந்திராணி பைகளைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள். மாரிசெல்வி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். வேலிப் பக்கம் நின்னு நான் படம் புடிக்கேன்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானாம்லா. அந்த சாரே சொன்னாரு."

இந்திராணி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு இது புதுச் செய்தி.

"ஆமாம்மா" என்றார் ஏகாம்பரம்.

"பொறவு நீங்களே வந்து, நான்தான் கட்டுனேன்னு சொன்னீய. உங்க வேலையும் போயிட்டு."

"ஆமா."

"என்னத்துக்கு?"

"இன்னா என்னத்துக்கு? தப்பு பண்ணது நானு. உன்ன இட்டுனு போய்ட்டாங்கோ. வந்து சொன்னேன்."

"அது சரி. எங்கிட்ட என்ன எதிர்பாக்கீய?"

"ஐயோ, அவுரு அந்த மாதிரி ஆளு இல்லம்மா" என்று இந்திராணி குறுக்கே விழுந்தாள். மாரிசெல்வி அவளைப் பார்க்கவில்லை. இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை ஏகாம்பரத்துக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. வாசலில் நின்று, பையைத் திறப்பதற்கு முன்னால், அவர் பார்க்கிற அதே பார்வை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார். கேட்டால், இப்போது எதற்குக் கேட்கிறான் என்று அதற்கும் அவள் யோசிப்பாள். நல்ல வார்த்தையாக ஒன்றைத் தேடினார், கடைசியில் வந்தது இதுதான்:

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான்."

மாரிசெல்வி எழுந்து நின்றுவிட்டாள்.

"சுங்குவார்சத்திரத்துல ஹாஸ்டல் பாத்திருக்கேன். வாரேன் அக்கா" என்று இந்திராணியிடம் சொன்னாள். பைகளை எடுத்துக்கொண்டாள். தெருக்கோடி திரும்பும் முன் ஒருமுறை நின்று, யாராவது பின்னால் வருகிறார்களா என்று பார்த்துவிட்டுப் போனாள். ஏகாம்பரம் வாசற்படியில் நின்றார். கூப்பிடவில்லை.

உள்ளே வந்தபோது காபி அப்படியே இருந்தது. மேலே ஆடை படிந்துவிட்டது.

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போயிருக்கலாம் அந்தப் பொண்ணு" என்றாள் இந்திராணி. குரலில் அழுகை இருந்தது.

"குடிக்க மாட்டா" என்றார் ஏகாம்பரம். "நானா இருந்தா குடிச்சிருப்பனா?"